வெள்ளம் வடிந்த வீடு, காப்பீட்டுக் கிளெய்ம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளம் வடிந்ததும் துடைப்பத்தைத்தான் முதலில் எடுப்போம். சேற்று நாற்றத்தில் அது இயல்பு. ஆனால் கழுவுவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோடு தெரியும்; அதை ஒட்டி அளவு நாடாவைப் பிடித்து ஒவ்வொரு அறையிலும் படம் எடுங்கள். வாசலிலிருந்து அடுப்படி வரை நிறுத்தாமல் ஒரு வீடியோ. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் மாடல் எண், சீரியல் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். பில் தண்ணீரோடு போயிருந்தாலும் சீரியல் எண்ணை வைத்துக் கடையிலோ நிறுவனத்திலோ நகல் கேட்கலாம்.

நனைந்த சாதனம் ஓடுகிறதா என்று பிளக்கைச் செருகிப் பார்க்காதீர்கள். உயிருக்கே ஆபத்து. மோட்டார் எரிந்துவிட்டால், அது வெள்ளச் சேதமா மின்பழுதா என்ற தகராறும் சேர்ந்துகொள்ளும். சர்வீஸ் சென்டரில் மதிப்பீடு வாங்கும்போது, பழுதுக்குக் காரணம் வெள்ளநீர் புகுந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வருமுன் எதையும் காயலான் கடைக்குப் போடக் கூடாது. சேதமான பொருளுக்கும் ஒரு மிச்ச மதிப்பு உண்டு, அதைத் தொகையில் கழிப்பார்கள். பொருளே இல்லையென்றால் சேதமே சந்தேகத்துக்குள்ளாகும். அழுகும் மெத்தையை வைத்திருக்க முடியாதுதான். படத்தோடு நிறுவனத்துக்கு மெயில் அனுப்பிவிட்டு அப்புறப்படுத்துங்கள், ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜெண்டிடம் சொன்னால் நிறுவனத்துக்குச் சொன்னதாகிவிடாது. அன்றே மெயில் அனுப்பி கிளெய்ம் எண் வாங்குங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் வழக்கத்தில் உள்ள பொதுவான வீட்டுக் காப்பீடான பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கிளெய்ம் படிவம் போய்ச் சேர வேண்டும். அந்தப் படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். ‘தண்ணீர் கசிந்து சுவர் கெட்டது’ என்று எழுதினால், நாள்பட்ட கசிவுக்கும் தேய்மானத்துக்கும் பாலிசியில் இடமில்லை என்று மறுக்க வழி கிடைத்துவிடும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை அடி வெள்ளம் புகுந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பழைய விரிசலையும் சேர்த்துக்கொள்ளும் ஆசை வேண்டாம். ஒரு பொய் பில் மொத்தக் கிளெய்மையும் கவிழ்த்துவிடும்.

2024 ஜூன் மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வர வேண்டும், அது வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். சர்வேயரின் கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பு, நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. அவர் வரும்போது அறைவாரியான பட்டியலோடு கூடவே இருங்கள். ‘இந்தத் தொகைக்குச் சம்மதம்’ என்று ஒரு கடிதம் நீட்டினால், கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவருடைய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. அது இறுதித் தீர்ப்பல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

நகல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது குறைகாப்பீட்டுக் கழிவு, அதாவது மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குக் காப்பீடு செய்ததற்காகப் பிடிப்பது. திரும்பக் கட்ட 40 லட்சம் ஆகும் வீட்டை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள், சேதம் 4 லட்சம் என்றால், வேறு சில பாலிசிகளில் பாதியாகிய 2 லட்சம்தான் தருவார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்தக் கழிவே கிடையாது. இது தெரியாமல் வந்ததை வாங்கிக்கொள்வது மிகப் பெரிய இழப்பு. கட்டடத்துக்கு இந்தப் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே காப்பு உண்டு. இடிபாடு அகற்றும் செலவுக்குக் கிளெய்ம் தொகையின் 2 சதவீதம் வரையும், பொறியாளர் கட்டணத்துக்கு அதே தொகையின் 5 சதவீதம் வரையும் கேட்கலாம். கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கலாம், பணம் அங்கேதான் போகும். பழுதுபார்ப்புக்கு விடுவிக்கச் சொல்லி வங்கிக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

குறைந்த தொகையோடு ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்ற ரசீது வரும்போது கைச்செலவுக்கே திண்டாட்டமாக இருக்கும், தெரியும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள், அன்றே மெயிலிலும் அனுப்புங்கள். மாதக்கணக்கில் பேசாமலிருந்துவிட்டு ‘வற்புறுத்தி வாங்கினார்கள்’ என்றால் நீதிமன்றத்தில் எடுபடுவது கடினம்.

தகராறு என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஐஆர்டிஏஐயின் இணையப் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை, 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க முடியும், தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் தொடுத்திருந்தால் மட்டும் இங்கே எடுக்க மாட்டார்கள். ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். மறுப்புக் கடிதம் வந்தபின் நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது.