விதை கேட்டலாக்கை வைத்துக் காய்கறித் தோட்டம் திட்டமிட

குளிர்காலத்தில் கேட்டலாக்கைத் திறக்கும் முன் பழைய விதை டப்பாவைப் பாருங்கள். ஈரம் படாமல் வைத்திருந்தால் தக்காளி விதை 4 வருடம்கூட முளைக்கும், வெங்காய விதையை அடுத்த வருடமே நம்ப முடியாது. அப்புறம் படங்களை விட்டுவிட்டு (படத்தில் எல்லாத் தக்காளியும் அழகுதான்) அறுவடைக்கு எத்தனை நாள் என்ற கணக்கைப் படியுங்கள். '75 நாள்' என்று போட்டிருந்தால், தக்காளிக்கும் மிளகாய்க்கும் அது பெரும்பாலும் நாற்று நட்ட நாளிலிருந்து, பீன்ஸுக்கும் கேரட்டுக்கும் விதைத்த நாளிலிருந்து. அதனால் உங்கள் பகுதியில் கடைசி உறைபனி எப்போது என்று பார்த்து, அதற்கு 6 முதல் 8 வாரம் முன்னால் தக்காளியை வீட்டுக்குள் விதைக்கக் காலண்டரில் குறித்துவிடுங்கள். ரகத்தின் பெயரோடு எஃப்1 என்று போட்டிருந்தால் அது கலப்பினம். அதில் விதை எடுத்துப் போட்டால் அதே மாதிரி காய்க்காது. இடம் குறைவா? குட்டை ரகம் போதும், பந்தல் வேலையும் மிச்சம். ஆசைப்பட்டதை எல்லாம் எழுதி, பாத்தியைத் தாளில் வரைந்து, பாதியை அடித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.