வரி நிலுவையில் கைவிடப்பட்ட வீட்டை நகராட்சி எடுப்பது எப்படி: மிச்சிகன் வழிமுறை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 1950-இல் ஏறத்தாழ பதினெட்டரை லட்சம் பேர் வாழ்ந்த டெட்ராய்ட் நகரில் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 6,39,111 பேர்தான். அதே மாநிலத்தின் ஃபிளின்ட் நகரமும் 1960-க்குப் பிறகு தன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரை இழந்தது. ஆட்கள் போனாலும் வீடுகள் அங்கேயேதான் நின்றன. வரி வராத, புல் மண்டிய, கூரை இடிந்த அந்த வீடுகளை நகராட்சி எவ்வாறு மதிப்பிட வேண்டும், எவ்வாறு சட்டப்படி கையகப்படுத்த வேண்டும் என்பதை, மிச்சிகனின் நகர மன்றங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் பங்கேற்பவர்களை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு.

முதலில் காலக்கெடுவைப் புரிந்துகொள்ள வேண்டும். 1999-ஆம் ஆண்டின் 123-ஆம் சட்டப்படி, ஓராண்டுக்கான சொத்து வரி அடுத்த மார்ச் 1 வரை கட்டப்படாவிட்டால், நிலுவை கவுண்டிப் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பொருளாளரின் பொறுப்புக்குப் போய்விடும். 4 விழுக்காடு நிர்வாகக் கட்டணமும் மாதம் 1 விழுக்காடு வட்டியும் அதன்மேல் ஏறும். மேலும் ஓராண்டு கடந்தால் சொத்து பொருளாளர் பெயரில் முடக்கப்படும், வட்டி ஒன்றரை விழுக்காடாகும். ஆனால் உரிமை இன்னும் மாறுவதில்லை. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், மூன்றாம் ஆண்டின் மார்ச் 31-க்குள் உரிமையாளர் மீட்காவிட்டால்தான் உரிமை பொருளாளருக்குப் போகும், பிறகு சொத்து ஏலத்துக்கு வரும். ஆகவே, ஒரு வீட்டை எடுப்பதா வேண்டாமா என்று ஆராய நகராட்சிக்கு இரண்டு ஆண்டுகளுக்குமேல் அவகாசம் உண்டு. ஏல அறிவிப்பு வந்த பிறகு பட்டியலைப் புரட்டத் தொடங்குவது மிகத் தாமதம்.

மதிப்பிடுவதில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. ஒரே வீட்டுக்கு மூன்று எண்கள் இருக்கும். முதலாவது, வரி ஏட்டிலுள்ள மதிப்பு. மாநில அரசமைப்பின்படி இது சந்தை விலையில் பாதியைத் தாண்டக்கூடாது. ஆனாலும் வீட்டு விலைகள் சரிந்தபோது டெட்ராய்ட் தன் ஏட்டை உரிய நேரத்தில் திருத்தவில்லை, அதனால் பலரிடம் கூடுதல் வரி கேட்கப்பட்டது, அந்த வரியைக் கட்ட முடியாமலே வீட்டை இழந்தவர்களும் உண்டு. நகரம் முழுவதற்குமான மறுமதிப்பீடு 2017-இல்தான் முடிந்தது. எனவே ஏட்டு மதிப்பை அப்படியே நம்பாமல், நிலுவை உண்மையில் நியாயமானதுதானா என்பதை அந்த எண்ணைக் கொண்டு முதலில் சோதியுங்கள். இரண்டாவது எண், குறைந்தபட்ச ஏலத் தொகை. இது நிலுவை வரி, வட்டி, கட்டணம், செலவு ஆகியவற்றின் கூட்டுத்தொகையே தவிர, வீட்டின் விலையோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. மூன்றாவதுதான் நகராட்சிக்குத் தேவையான எண்: வீடு கைக்கு வந்த பின் அது எவ்வளவு தரும், எவ்வளவு விழுங்கும் என்ற கணக்கு. கல்நார் அகற்றி, இடித்து, அடித்தளக் குழியை மண்ணிட்டு நிரப்பப் பத்தாயிரம் டாலருக்குமேல் ஆகும் இடத்தில், விற்றால் ஆயிரம் டாலர் தேறும் மனையின் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே என்றே எழுத வேண்டும். அப்படிப்பட்ட மனையையும் எடுக்கலாம். பக்கத்து வீடுகளைக் காப்பாற்றுவதற்காகச் செய்யும் செலவு என்று தெரிந்தே எடுக்க வேண்டும். இதற்கு ஏட்டைப் பார்த்தால் போதாது, தெருவுக்குப் போக வேண்டும். 2014-இல் டெட்ராய்ட்டில் ஏறத்தாழ 3,80,000 மனைகளையும் ஆட்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்தார்கள்.

அடுத்தது, உரிமையாளருக்கும் வீட்டை அடமானம் பிடித்துக் கடன் கொடுத்தவருக்கும் கவுண்டிப் பொருளாளர் அறிவிப்பு கொடுப்பது. இதில் சிக்கனம் பார்க்க விடாதீர்கள். பதிவஞ்சல் திரும்பி வந்தது தெரிந்த பிறகும் வேறு நியாயமான முயற்சி செய்யாமல் சொத்தை விற்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. வில்லங்கம் தேடி, நேரில் சென்று, கதவில் ஒட்டி, நாளிதழிலும் வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் தேதியுடன் சான்று வைத்திருப்பதே பாதுகாப்பு.

ஏலத்துக்கு முன் மாநிலத்துக்கும், அதன்பின் நகரத்துக்கும் முதல் கொள்முதல் உரிமை உண்டு. முன்பு குறைந்தபட்சத் தொகையைச் செலுத்தி வாங்கிவிடலாம்; நல்ல வீட்டை விற்று வரும் மிகுதியால் மோசமான வீட்டைப் பராமரிக்கலாம் என்பதே ஃபிளின்ட் அமைந்துள்ள ஜெனசீ கவுண்டி நில வங்கியின் (கைவிடப்பட்ட சொத்துகளை வாங்கி, பராமரித்து, விற்கும் பொது அமைப்பு) தொடக்ககால நிதி வழியாக இருந்தது. 8.41 டாலர் வரி பாக்கிக்காக 24,500 டாலருக்கு விற்கப்பட்ட ஒரு வீட்டின் வழக்கில், மிகுதி உரிமையாளருக்கே சேரும் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியதும் அந்த வழி அடைபட்டது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மின்னசோட்டா வழக்கொன்றில் ஒருமனதாக அதே முடிவுக்கு வந்தது. தீர்ப்பு நியாயமானதே என்பது என் கருத்து, நகராட்சிகளுக்கு அது கசந்தாலும். நடைமுறையில், உரிமையாளர் ஜூலை 1-க்குள் மிகுதிக்கு உரிமை கோரியிருந்தால், நகரம் குறைந்தபட்சத் தொகை, சந்தை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுத்தே வாங்க வேண்டும். ஆகவே, அந்தத் தேதிக்குப் பின் பொருளாளரிடம் கோரிக்கைப் பட்டியலை வாங்கிப் பார்த்து, அதன்பிறகே மன்றத்தில் நிதி ஒதுக்குங்கள்.

வாங்கியதை நகராட்சியே வைத்துக்கொள்வதைவிட நில வங்கிக்கு மாற்றுவது பெரும்பாலும் நல்லது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் நில வங்கிக்கு இரண்டு வசதிகளைத் தருகிறது: பல மனைகளின் உரிமைச் சிக்கலை ஒரே வழக்கில் தீர்த்துக்கொள்ளலாம், விற்ற பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு அந்தச் சொத்தின் வரியில் பாதி அதற்கே வரும். அண்டை மாநிலமான ஒஹாயோவின் கயஹோகா கவுண்டி, தாமத வரிக்கான அபராதத்திலிருந்து தன் நில வங்கிக்குப் பணம் தருகிறது.

வீடு கைக்கு வந்த நாளிலேயே தண்ணீர் இணைப்பைத் துண்டியுங்கள். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடித்தால் நீங்கள் போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். வெற்று மனையாக இருந்தால், ஒட்டியுள்ள வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். டெட்ராய்ட் அத்தகைய பக்கத்து மனைகளை 100 டாலருக்கு விற்றது; அந்த விலையில் நகரத்துக்கு வருமானம் ஏதுமில்லை, ஆனால் புல் வெட்டும் செலவும் வரி ஏட்டின் வெற்றிடமும் அன்றோடு தீர்ந்தன.