தகுதி இருந்தும் அழைப்பு வரவில்லையா? ரெஸ்யூமேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஓரளவு பெரிய நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால், ரெஸ்யூமே நேராக மனிதவள அதிகாரியின் மேசைக்குப் போவதில்லை. வொர்க்டே, சக்சஸ்ஃபேக்டர்ஸ், டேலியோ, கிரீன்ஹவுஸ் என்று ஏதோ ஒரு விண்ணப்ப மென்பொருளுக்குள் போகிறது. அந்த மென்பொருள் கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் உருவி எடுத்து, பெயர், தொலைபேசி எண், நிறுவனம், பதவி, தேதி, படிப்பு, திறன் எனப் பிரித்துத் தனித்தனிக் கட்டங்களில் போடும். அதிகாரி பிறகு அந்தக் கட்டங்களில்தான் தேடுகிறார், வடிகட்டுகிறார்.

வந்த ரெஸ்யூமேக்களில் பெரும்பாலானவற்றை மென்பொருளே நிராகரித்துவிடுகிறது என்ற பேச்சு பரவலாக உண்டு. பொருத்தத்துக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் வசதி சில மென்பொருள்களில் இருப்பது உண்மை. தானாக நிராகரிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் படிவத்தில் கேட்கும் கேள்விகளோடு இணைந்தது. அதைக் கடைசியில் பார்ப்போம். ரெஸ்யூமேக்கு வரும் ஆபத்து வேறு வகை. தவறான கட்டத்தில் விழுந்த தகவல் தேடலில் வராது. பத்து வருட அனுபவம் இருக்கும், தேடுபவரின் திரையில் மட்டும் இருக்காது.

எழுத்து சரியாக வெளிவராத கோப்பு

கேன்வா போன்ற தளங்களில் கிடைக்கும் இரண்டு நெடுவரிசை வடிவமைப்பு கண்ணுக்கு அழகுதான். ஆனால் சில மென்பொருள்கள் பக்கத்தை இடமிருந்து வலமாக வரிவரியாகப் படிக்கும். அப்போது இடப்பக்கத் திறன்களும் வலப்பக்க அனுபவமும் கலந்து, "எக்செல் 2019 முதல் துவாஸ் கிடங்கு தமிழ் ஆங்கிலம்" என்று ஒரே வரியாகிவிடும். கட்டங்கள் போட்ட அட்டவணைக்கும், மிதக்கும் எழுத்துப்பெட்டிக்கும் இதே கதிதான். வேர்ட் கோப்பின் மேல்விளிம்பில், அதாவது ஹெடரில், போட்ட தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சில மென்பொருள்கள் படிப்பதே இல்லை. திறனுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் போடுவதால் பயனில்லை; நட்சத்திரம் எழுத்தாக வராது.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். பிடிஎஃப் கோப்பைத் திறந்து, கண்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ரெஸ்யூமே ஒரு படம். ஸ்கேன் செய்த கோப்புகள் இப்படித்தான் இருக்கும். வரிசை குழம்பியிருந்தால் நெடுவரிசையோ அட்டவணையோ காரணம். "சர்ட்டிஃபைட்", "ஃபைனான்ஸ்" போன்ற ஆங்கிலச் சொற்களில் ஓரிரு எழுத்து காணாமல் போயிருந்தால், சில எழுத்துருக்கள் எஃப், ஐ இரண்டையும் ஒட்டி ஒரே வடிவமாகப் போடுவதே காரணம். ஏரியல் போன்ற எளிய எழுத்துருவுக்கு மாற்றி, வேர்டிலிருந்தே பிடிஎஃப் எடுத்தால் பொதுவாகச் சரியாகும். விளம்பரம் டாக்எக்ஸ், அதாவது வேர்ட் கோப்பு கேட்டால் அதையே கொடுங்கள்.

தமிழாசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஊடக வேலைகளுக்குத் தமிழில் சில வரிகள் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. நோட்பேடில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் வரும். யூனிகோடில் மீண்டும் தட்டுவதைத் தவிர வேறு வழியைத் தேட வேண்டாம்.

பெயரும் தேதியும்

இந்த மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. குடும்பப்பெயர் இல்லாத நம் பெயர்களில் அவை தடுமாறும். ஐசியில், அதாவது சிங்கப்பூர் அடையாள அட்டையில், "முத்துக்குமார் எஸ்/ஓ செல்வம்" (செல்வத்தின் மகன்) என்று இருப்பவரின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயர் விழும். நடுவில் உள்ள "எஸ்/ஓ" எங்காவது ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் ஓரிடத்தில் "எஸ். முத்துக்குமார்" என்றும், வேறிடத்தில் "முத்துக்குமார் செல்வம்" என்றும், சான்றிதழில் தலைப்பெழுத்தைப் பின்னால் போட்டும் எழுதுவார். ரெஸ்யூமேயின் முதல் வரியில் ஒரே வடிவத்தை, சாய்கோடு இல்லாமல், எப்போதும் எழுதுங்கள். அடையாள அட்டையிலோ கடப்பிதழிலோ உள்ள முழுப்பெயரைப் படிவத்தில் நீங்களே நிரப்புங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரே மின்னஞ்சலைப் பயன்படுத்துங்கள். மாற்றினால் ஒரே நிறுவனத்தில் இரண்டு பேராகப் பதிவாகக்கூடும்.

தேதியில் செய்யும் தவறு அனுபவக் கணக்கையே கெடுக்கும். 03/06/2019 என்பது நமக்கு ஜூன் 3. அமெரிக்க முறையில் படிக்கும் மென்பொருளுக்கு மார்ச் 6. வெறுமனே "2021 – 2022" என்று போட்டால் அது இரண்டு மாதமா, இரண்டு வருடமா என்று தெரியாது. மாதத்தை எழுத்தில் போட்டு, "ஜூன் 2019 – மார்ச் 2023" என்ற ஒரே அமைப்பை எல்லா வேலைகளுக்கும் வையுங்கள்.

தேடும் சொல் ரெஸ்யூமேயில் இல்லாதது

கட்டுமானத் தளப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேலையை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் ரிஸ்க் அசெஸ்மென்ட், பெர்மிட் டு வொர்க், டூல்பாக்ஸ் மீட்டிங், பிஸ்சேஃப் என்ற சொற்கள் இருக்கும். விண்ணப்பிப்பவரோ தினமும் இதையெல்லாம் செய்துவிட்டு, ரெஸ்யூமேயில் "தளத்தின் பாதுகாப்பைக் கவனித்துக்கொண்டேன்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார். அதிகாரி "பெர்மிட் டு வொர்க்" என்று தேடினால் இவர் வரமாட்டார். "60 பேர் வேலை செய்யும் தளத்தில் பெர்மிட் டு வொர்க் சரிபார்ப்பு, வாராந்தர டூல்பாக்ஸ் மீட்டிங், உயர வேலைக்கான ரிஸ்க் அசெஸ்மென்ட்" என்று எழுதினால் தேடலிலும் வரும், படிப்பவருக்கும் விளங்கும்.

சுருக்கத்தையும் விரிவையும் ஒருமுறையாவது சேர்த்தே எழுதுங்கள்: "வொர்க்ப்ளேஸ் சேஃப்டி அண்ட் ஹெல்த், டபிள்யூஎஸ்ஹெச்". தேடுபவர் எதைத் தட்டுவார் என்று தெரியாது. பழைய நிறுவனத்தில் உங்கள் பதவி "அசோசியேட் 2" என்று இருந்திருந்தால், அதன் பக்கத்திலேயே "அக்கவுன்ட்ஸ் பேயபிள்" என்று வேலையின் பெயரையும் போடுங்கள். விளம்பரத்தை அப்படியே வெள்ளை எழுத்தில் மறைத்து ஒட்டும் தந்திரம் வேண்டவே வேண்டாம். கோப்பு வெறும் எழுத்தாக மாறும்போது அது அதிகாரிக்கு முழுதாகத் தெரியும். நேர்மை குறித்த சந்தேகம் அங்கேயே வந்துவிடும்.

படிப்பிலும் இதே கவனம் வேண்டும். "பி.இ., ட்ரிபிள் இ" என்று மட்டும் எழுதாமல் பட்டத்தின் முழுப்பெயர், பல்கலைக்கழகம், ஊர், முடித்த ஆண்டு எல்லாம் வேண்டும். மதிப்பெண்ணைப் போட்டால் அளவையும் போடுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகள் 4 புள்ளிக் கணக்கு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 5. தமிழ்நாட்டில் பல இடங்களில் 10. வெறும் 3.6 என்பது இவற்றில் எதுவென்று யாருக்கும் தெரியாது.

போடக்கூடாதவை

ஐசி எண்ணை ரெஸ்யூமேயில் எழுதாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறை 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் கோராத இடங்களில் நிறுவனங்கள் அந்த எண்ணைப் பொதுவாகக் கேட்கக்கூடாது. வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும். மதம், இனம், திருமண நிலை, புகைப்படம் ஆகியவையும் தேவையில்லை. ஆனால் குடியுரிமை, நிரந்தரவாசம், அல்லது எந்த வகைப் பாஸ் (வெளிநாட்டவருக்கான அனுமதி) என்பதை ஒரு வரியில் சொல்வது இங்கே பயன்படும். எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் விதிகளால் நிறுவனம் அதை எப்படியும் முதலிலேயே பார்க்கும்.

கோப்பு சரி, படிவம் தவறு

உண்மையான நிராகரிப்பு நடக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். "மூன்று வருட அனுபவம் உண்டா?", "ஷிப்ட் வேலைக்குச் சம்மதமா?", "சிங்கப்பூரில் வேலை செய்ய அனுமதி உள்ளதா?" போன்ற கேள்விகளுக்கு நிறுவனம் முன்கூட்டியே விதி வைத்திருக்கலாம். அவசரத்தில் ஒரு பெட்டியைத் தவறாகத் தட்டினால், ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

எதிர்பார்க்கும் சம்பளத்தில் பலர் சறுக்குகிறார்கள். கட்டம் மாதச் சம்பளத்தைக் கேட்கும்போது 4,500க்குப் பதில் ஆண்டுக்கணக்கில் 54,000 வெள்ளி என்று போட்டால், வரம்பைத் தாண்டியவராக வடிகட்டப்படுவீர்கள். "பேசிக்கொள்ளலாம்" என்பதை எண்கள் மட்டுமே ஏற்கும் கட்டம் வாங்காது. அதற்காகப் பூஜ்ஜியமோ 1 வெள்ளியோ போட்டால் அந்த எண்ணே பதிவாகும். விளம்பரத்தில் சம்பள வரம்பு இருந்தால் அதற்குள் ஓர் எண்ணைத் தீர்மானித்துப் போடுங்கள். அரசாங்க வேலைவாய்ப்புத் தளமான மைகெரியர்ஸ்ஃபியூச்சரில் வரம்பு பொதுவாகவே தெரியும். அங்கே உங்கள் விவரப் பக்கத்தில் திறன்களைத் தேர்வுசெய்யும் இடத்தையும் காலியாக விடாதீர்கள். வேலைப் பொருத்தம் அதை வைத்தே காட்டப்படுகிறது.

ரெஸ்யூமேயை ஏற்றியதும் படிவம் தானாக நிரம்பும்போது, "அடுத்து" பொத்தானை உடனே தட்டாதீர்கள். ஒவ்வொரு வேலையின் நிறுவனப் பெயர், பதவி, தொடக்க மாதம், முடிவு மாதம், பட்டம், தொலைபேசி எண்ணின் 65 குறியீடு ஆகியவற்றைக் கோப்போடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். இப்போதும் பார்க்கும் வேலையில் முடிவு மாதம் ஏதாவது விழுந்திருந்தால் அதை நீக்கிவிட்டு, "தற்போது இங்கு பணிபுரிகிறேன்" என்ற பெட்டியைத் தட்டுங்கள்.