உள்ளரங்கக் கால்பந்து லீக்: சீசன் அட்டவணை போடுவது எப்படி?
முதலில் அரங்கம் எந்தெந்த நாளில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள், அணிகளோடு பேச்சு அப்புறம்தான். 8 அணிகள் ஒருமுறை மோதினால் 7 சுற்று, 28 ஆட்டம். அணிகளை எதிரெதிரே இரண்டு வரிசையாக எழுதி, ஒரு அணியை அதே இடத்தில் நிறுத்தி, மற்ற ஏழு அணிகளையும் வட்டமாகச் சுற்றுக்கு ஒரு இடம் நகர்த்தினால் ஜோடிகள் தானாக அமையும். அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ‘ஓய்வு’ என்று ஒரு போலி அணியைச் சேருங்கள், அதோடு ஜோடி சேரும் அணிக்கு அந்தச் சுற்றில் லீவு. ஃபுட்சால் (அணிக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து) விதிப்படி பாதிக்கு 20 நிமிடம்தான், ஆனால் பந்து வெளியே போனால் கடிகாரம் நின்றுவிடும், அதனால் ஒரு மணி நேரத்தை நம்பாமல் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ராத்திரி கடைசி ஆட்டம் ஒரே அணிக்கே விழாமல் மாற்றிப் போடுங்கள், சண்டையே அதில்தான் வரும். சரி, தள்ளிப்போகும் ஆட்டங்களுக்கு ஒரு வாரம் காலியாக இருக்கட்டும்.