கூட்டம் பிரியும் முன் அடையின் அடிவிளிம்பைப் பாருங்கள்

பூக்கள் நிறைந்த பருவத்தில் தேனீப் பெட்டியை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். முக்கியமாக அடைகளின் அடிவிளிம்பை. அங்கே நிலக்கடலை போல ராணி அறைகள் (புது ராணி வளரும் கூடுகள்) தொங்கினால் கூட்டம் பிரியத் தயாராகிறது. முட்டையிட்ட 8, 9 நாளில் அந்த அறை மூடப்படும். பெரும்பாலும் அதையொட்டியே பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். அதனால்தான் வாரக்கணக்கு. அறைகளைக் கிள்ளி எறிந்தால் மட்டும் போதாது, பெட்டியில் இட நெருக்கடி தீராவிட்டால் மறுபடி கட்டும். மேலே தேன் அறை, அதாவது தேன் சேர்க்கும் தட்டு, வையுங்கள். முட்டையும் புழுவும் வளரும் கீழ்த்தட்டான புழு அறையிலும் ராணி முட்டையிட ஓரிரு காலி அடைகள் கொடுங்கள். அறைகள் ஏற்கெனவே மூடிவிட்டனவா? அப்புறம் இடம் கொடுத்துப் பெரிய பலனில்லை. பழைய ராணி இன்னும் கிளம்பாமல் இருந்தால், அதைச் சில அடைகளோடும் தேனீக்களோடும் வேறு பெட்டிக்கு மாற்றி, பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.