பையனைக் காப்பாற்றப் போய் மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் பாடாங் செராயில் ஒரு பையன் போதைப்பொருளில் விழுந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்கு முதலில் தெரியும், அவன் அம்மாவுக்குக் கடைசியில்தான் தெரியும். தெரிந்ததும் அம்மா கதவைச் சாத்திவிடுவார். அந்தக் கதவு திறப்பதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

மலாய் எனக்குக் கொஞ்சம் சரளமாக வரும். அதனால் "தம்பி, ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு கூட வாங்களேன்" என்று அக்கம்பக்கத்தில் கூப்பிடுவார்கள். நான் வழக்கறிஞரும் இல்லை, டாக்டரும் இல்லை. போதைப்பொருள் எடுக்கிறவன் செய்யும் தவறை எல்லோரும் பேசுகிறோம். அவனைச் சுற்றி இருப்பவர்கள் பாசத்தாலும் வெட்கத்தாலும் செய்யும் தவறுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"என்னோடது இல்ல, சும்மா வச்சிருந்தேன்"

மகனின் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கிடைக்கிறது. அப்பா வேலை முடிந்து வந்ததும் காட்டலாம் என்று அம்மா அதை அரிசி டப்பாவுக்குள் மறைத்து வைக்கிறார். அவருக்கு அது சாட்சி. சட்டத்துக்கு அது அவர் வசம் இருக்கும் போதைப்பொருள். அபாயகர போதைப்பொருள் சட்டம் 1952, 37ஆவது பிரிவில் சில அனுமானங்களை வைத்திருக்கிறது. உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள பையிலோ டப்பாவிலோ போதைப்பொருள் இருந்தால் அது உங்களிடம் இருந்ததாகவும், இன்னதென்று உங்களுக்குத் தெரியும் என்றும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. மோட்டார் சைக்கிளை இரவல் கொடுப்பதும், "மச்சான், இந்தப் பையை அங்க குடுத்துடு" என்று சொன்னதும் தலையாட்டிவிட்டு வாங்கிப் போவதும் இதே சிக்கலில் மாட்டிவிடக்கூடும். அப்படி ஏதாவது கையில் கிடைத்தால் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள், வேறொருவர் வீட்டுக்கும் அனுப்பாதீர்கள். அன்றைக்கே ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அடுத்தது எடை. ஷாபு (மெத்தம்ஃபெட்டமின்) 50 கிராம், ஹெராயின் 15 கிராம், கஞ்சா 200 கிராம். இந்த அளவையோ அதற்கு மேலோ வைத்திருந்தால் சொந்த உபயோகத்துக்கு என்று சொல்லித் தப்புவது கஷ்டம், கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். 50 கிராம் என்பது ஒரு சின்னக் கோழி முட்டையின் எடைதான்.

"தூக்குத் தண்டனையைத்தான் தூக்கிட்டாங்களே" என்று கோப்பிக்கடையில் பேசுகிறவர்களும் உண்டு. 2023 ஜூலையில் நீக்கப்பட்டது கட்டாய மரண தண்டனை மட்டுமே. 39பி பிரிவில் கடத்தல் குற்றம் உறுதியானால் நீதிபதி இன்றும் தூக்கு விதிக்கலாம். இல்லையென்றால் ஆயுள் சிறையும் (சட்டப்படி அது 30 ஆண்டு), குறைந்தது 12 பிரம்படியும். 22 வயதுப் பையனுக்கு 30 ஆண்டு என்றால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"இலைதானே, மருந்துதானே"

கெடாவில் கெத்தும் மரம் புதிதல்ல. பால்மரம் சீவிய காலத்திலிருந்தே உடம்பு வலிக்கும் வெயிலுக்கும் அந்த இலையை மென்றவர்கள் உண்டு. இப்போது அதைக் காய்ச்சி, பிளாஸ்டிக் பையில் கட்டி, இருமல் மருந்தும் கலந்து பிள்ளைகள் குடிக்கிறார்கள். தாத்தா மென்றதும் இதுவும் ஒன்றல்ல. கொஞ்சமாகக் குடித்தால் சுறுசுறுப்பு, அதிகமானால் அபின் மாதிரி மயக்கம். கோடின் உள்ள இருமல் மருந்து சேர்ந்தால் மூச்சே மந்தப்பட்டுவிடும். நாள்பட்டால் நிறுத்த முடியாத பழக்கமாகிறது. கொல்லையில் வளர்கிறது என்பதற்காகச் சட்டம் சும்மா விடாது. நச்சுப்பொருள் சட்டம் 1952-இன்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தாய்லாந்து 2022-இல் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தபோது இங்கே சிலருக்குக் குஷி. எல்லைக்கு அப்பால் டானோக்குக்கும் ஹட்யாய்க்கும் போய்விட்டு, கஞ்சா கலந்த மிட்டாயைப் பலகாரம் மாதிரி பையில் போட்டுக்கொண்டு வந்தால், புக்கிட் காயு ஈத்தாம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் அது மலேசியச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அங்கே வாங்கிய ரசீது இங்கே செல்லாது.

பேய் என்று நினைப்பது

கூலிம் தொழிற்சாலைகளில் இரட்டை ஷிஃப்ட் பார்ப்பவர்களையும் ராத்திரி லாரி ஓட்டுபவர்களையும் ஷாபு பிடித்துக்கொள்வது எளிது. தூக்கம் வராது, பசி எடுக்காது, முதல் வாரம் வேலை சூப்பராக ஓடும். வீட்டிலும் "பையன் திருந்திட்டான், நல்லா உழைக்கிறான்" என்று சந்தோஷப்படுவார்கள். அப்புறம் இரண்டு மூன்று நாள் தூங்காமல் கிடந்து, ஒருநாள் முழுக்கக் கட்டையாகத் தூங்குவான். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்பான், தோலுக்கு அடியில் பூச்சி ஊர்கிறது என்று சொரிவான், ஜன்னல் பக்கம் யாருடனோ பேசுவான். உடனே பூசாரியிடம் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் வெட்டுவார்கள். சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மருத்துவமனைக்குப் போகிற வழியில் கும்பிடலாம். இது மனநல அவசரம். அந்த நேரத்தில் அவனோடு வாதம் செய்யாதீர்கள். செம்பனை வெட்டும் அரிவாள், பாராங் கத்தி எல்லாம் இருக்கிற வீடு என்றால் அவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

கல்யாணம் கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்கிற வைத்தியத்தைப் பற்றி ஒரே வரிதான். சரியானதை நான் பார்த்ததில்லை, பெண்ணும் சேர்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

பூட்டி வைப்பது

ஹெராயின் எடுப்பவனை அறையில் போட்டுப் பூட்டுவது பழைய தோட்டத்து வழக்கம். பத்துப் பதினைந்து நாளில் உடல் நடுக்கம் நின்றுவிடும். "சுத்தமாயிட்டான்" என்று கதவைத் திறந்துவிடுவார்கள். ஆனால் அந்த இடைவெளியில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். முன்பு போட்ட அதே அளவைப் போட்டதும் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தும் மறுவாழ்வு மையத்திலிருந்தும் வெளியே வந்த முதல் சில வாரங்களில் இந்த ஆபத்து மிக அதிகம். உதடு நீலமாகி, குறட்டை மாதிரி இழுத்துக்கொண்டு, கூப்பிட்டால் எழாமல் கிடந்தால் 999-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பால், மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். என்ன எடுத்தான் என்பதை ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் மறைக்காதீர்கள்.

ஏ.ஏ.டி.கே., அதாவது தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம், என்ற பெயரைக் கேட்டாலே "பிடிச்சுட்டுப் போயிடுவாங்க" என்று பயப்படுகிறோம். போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுக்கென்று 1983-இல் வந்த தனிச் சட்டத்தில் தானாகவே போய்ச் சிகிச்சை கேட்க வழி இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பெற்றோரே கேட்கலாம். ஹெராயின் பழக்கத்துக்கு அரசு கிளினிக்குகளில் 2005 முதல் மெத்தடோன் கொடுக்கிறார்கள். ஷாபுவுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. ஆலோசனையும் பொறுமையும்தான் வழி, நாளும் பிடிக்கும். கைதாகிய பிறகு போனால் கதை வேறு. போதைப்பொருள் உட்கொண்டதாக அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவில் தீர்ப்பானால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. அதற்கப்புறம் 2 முதல் 3 ஆண்டு கண்காணிப்பு.

பிடித்துவிட்டார்கள் என்றால்

போன் வந்ததும் வீட்டில் பணம் தேட ஆரம்பிப்பார்கள். "எனக்கு ஆளைத் தெரியும், மூவாயிரம் குடுங்க, காலைல பையன் வெளிய இருப்பான்" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். காலையில் அந்த ஆளின் போன் அணைந்திருந்தது. லஞ்சம் கொடுப்பதும் குற்றம், எனவே போய்ப் புகார் செய்யவும் அவர்களால் முடியவில்லை.

அந்த நேரத்தில் கேட்க வேண்டியவை வேறு. கைதான 24 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடும்பத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் போன் செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். முதல் சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இருப்பதாகக் காட்டினாலும் மருத்துவமனை ஆய்வுக்கூடம் அதை உறுதிப்படுத்த வேண்டும். அவன் ஏதாவது மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

நீதிமன்றத்தில் மொழி புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வெட்கப்படக் கூடாது. ஒருமுறை குற்றச்சாட்டை வாசித்து முடித்ததும் எங்கள் லயத்துப் பையன் மூன்று தடவை தலையாட்டினான். வெளியே கூட்டி வரும்போது, எதை ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன். "தெரியாதுண்ணே. ஆமான்னு சொன்னா வீட்டுக்குப் போயிடலாம்னு உள்ள இருந்தவங்க சொன்னாங்க" என்றான். அவன் அம்மா வெளியே பெஞ்சில் சோற்றுப் பொட்டலத்தோடு காத்துக்கொண்டிருந்தார்.