கமிஷனில் பிடித்தம் செய்தார்களா? எந்த பில்லுக்கு என்று கேளுங்கள்

பன்னிரண்டு வருடம் கமிஷனுக்கு மெஷின் விற்றவன் நான். ஒரு மாதம் சம்பளச் சீட்டில் 'இதர பிடித்தம்' என்று ஒற்றை வரி இருந்தது. கேட்டதற்கு, மூன்று ஆர்டர் கேன்சல் என்றார்கள். என் நோட்டைப் புரட்டினேன். பில் நம்பர், தேதி, வாங்கியவர் பணம் கட்டிய நாள் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். மூன்றில் ஒன்று கேன்சலே ஆகவில்லை. அந்தக் கமிஷன் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அதனால் இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். கம்பெனி கம்ப்யூட்டரை நம்ப வேண்டாம். வேலை போகிற அன்றே லாகினும் போய்விடும்.

அப்புறம் ஒப்பந்தத்தை எடுங்கள். கமிஷன் எப்போது உங்களுக்குச் சொந்தமாகிறது? ஆர்டர் எடுத்ததுமா, சரக்கு போய்ச் சேர்ந்ததுமா, பணம் வந்ததுமா? சண்டை எல்லாம் இந்த ஒரு வரியில்தான். பணம் வந்தால்தான் கமிஷன் என்று எழுதி, அதற்கு முன்பே அட்வான்ஸாகத் தந்திருந்தால், கேன்சலான ஆர்டருக்குத் திரும்பப் பிடிப்பதில் பெரும்பாலும் நியாயம் இருக்கும். ஆனால் உங்களுக்குச் சேர்ந்துவிட்ட கமிஷனில் உடைந்த சரக்குக்குப் பிடிப்பதும், முடிந்த மாதத்துக்கும் சேர்த்து விகிதத்தைக் குறைப்பதும் வேறு. அதை விடாதீர்கள்.

'கமிஷன் சம்பளமே இல்லை' என்று சொல்லிப் பார்ப்பார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, என்ன பெயரில், எப்படிக் கணக்கிட்டுக் கொடுத்தாலும் ஊதியம் ஊதியமே என்கிறது. வாய்மொழி ஒப்பந்தத்துக்கும் அது பொருந்தும். அதன் 8-ஆம் பிரிவின்படி, பிடித்தம் என்பது சட்டமோ, தொழிற்சங்கமும் நிர்வாகமும் போட்ட கூட்டு ஒப்பந்தமோ, நடுவர் தீர்ப்போ அனுமதித்த அளவுக்குத்தான். எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தில் எழுத்துச் சம்மதம் தேவையா, பிடித்தத்துக்கு உச்சவரம்பு உண்டா, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகலாமா என்று பாருங்கள். உங்களை ஊழியராக வைத்திருக்கிறார்களா, தனி ஏஜென்டாகவா என்பதும் முக்கியம். ஏஜென்டுக்குப் பல இடங்களில் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: "இந்த மாதப் பிடித்தம் எந்தெந்த பில்லுக்கு, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி? ஏழு நாளுக்குள் தெரிவிக்கவும்." கோபம் வேண்டாம், இவ்வளவு போதும். கையெழுத்துக் கேட்டால், படிக்காமல் போடாதீர்கள். பதில் வரவில்லை என்றால் தொழிலாளர் துறைக்குப் போங்கள். புகாருக்குக் காலக்கெடு இருக்கும், தள்ளிப் போடாதீர்கள்.

வேலையை விடுவதாக இருந்தால், ராஜினாமா கொடுக்கும் முன்பே நிலுவை ஆர்டர்களின் பட்டியலை மேனேஜருக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.